நாலு இஞ்ச் குழாய்

யார் வீட்டுக் குழாய் அடைச்சாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. இருபத்தஞ்சு வருஷமா பிளம்பர் நான். என் வீட்டு பாத்ரூம் குழாயே ஒரு மாசத்துல மூணு தடவை அடைச்சா மானம் போகாதா?

மூணாவது தடவை கழட்டிப் பாத்தா, உள்ள பூரா அரைகுறையா மென்ன சாப்பாடு. பெரியவ ஞாபகம்தான் வந்துச்சு.

என் மூத்த பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி சாப்பாட்டையே விட்டவ. எலும்பும் தோலுமா ஆனப்புறமும் கண்ணாடி முன்னாடி நின்னு "குண்டா இருக்கேன்"னு அழுதவ. ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்து, இப்பதான் தட்டுல போட்டதை முடிக்கிறா.

"ஏண்டி, எங்க கண்ணுல மண்ணைத் தூவறியா?"ன்னு கத்தினேன்.

"நான் இல்லப்பா."

"பின்னே பேயா வந்து வாந்தி எடுத்துச்சு?"

"போதும், அவளை விடுங்க"ன்னு அவங்கம்மா நடுவுல வந்தா. பெரியவ அழுதுக்கிட்டே ரூமுக்குள்ள போயிட்டா. சின்னவ கதவோரம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

அன்னிக்கே பழசைப் பிடுங்கி எறிஞ்சுட்டு நாலு இஞ்ச் குழாய் போட்டேன். யானையே போகும் அதுல. அப்புறம் அடைப்பே இல்லை. நான் கத்தினதுகூட வேலை செஞ்சிருச்சுன்னு மீசையை முறுக்கிக்கிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு பெரியவளை அவ டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனப்போ, இந்தக் கதையைப் பெருமையா சொன்னேன். அந்தம்மா சிரிக்கலை.

"இவளுக்கு எடை ஏறியிருக்கு, ரத்தமும் நல்லாருக்கு. வாந்தி எடுத்தது இவ இல்லைன்னுதான் தோணுது. இவளுக்கு சாப்பாட்டை உள்ள விடவே பயம். வேற சிலர், பக்கத்துல யாரும் இல்லாதப்போ, நிறுத்த முடியாம அள்ளி அள்ளித் திம்பாங்க, அப்புறம் பயந்துபோய் வெளியே தள்ளுவாங்க. இன்னும் சிலர் திங்கறதோட சரி, வாந்தி கிடையாது. இவங்கள்ல நிறைய பேர் மெலிய மாட்டாங்க, அதனால வீட்ல யாரும் கண்டுக்கறதில்லை. வாந்தி எடுக்கிறவங்களுக்குக் கன்னம்கூட உப்பும். உங்க வீட்ல வேற யாரு இருக்கா?"

எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. சின்னவ கன்னம்! "பாருங்க, எப்படி பூரிச்சிருக்கா, இவ ஒருத்திதான் ஒழுங்கா சாப்பிடறா"ன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டவன் நான். சாப்பிட்ட கையோட பாத்ரூமுக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிடுவா. சுத்தக்காரின்னு அதுக்கும் ஒரு பாராட்டு வேற. அட மடையா!

திரும்பி வர்றப்போ பஸ்ல பெரியவகிட்ட, "தப்பு பண்ணிட்டேம்மா"ன்னேன்.

"முதல்ல அவளைப் பாருப்பா. கத்தாதே, என்ன?"ன்னா.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா பாத்ரூம்ல தண்ணி ஓடற சத்தம். கதவுக்கு வெளியே தரையில உக்காந்துட்டேன். வெளியே வந்த சின்னவ என்னைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டா. கண்ணு ரெண்டும் சிவந்திருந்துச்சு.

"எத்தனை நாளா கண்ணு?"

அவ முகத்துல பயத்தைக் காணோம். ஆச்சரியமாத்தான் பாத்தா.

"உனக்குத்தான் தெரியுமேப்பா. 'நான் இல்லை'ன்னு அக்கா சொன்னதும், எனக்காகத்தானே பெரிய குழாய் போட்டே?"

"ஐயோ, எனக்கு எதுவுமே தெரியாதுடா"ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன்.