இரட்டை வேக விமர்சனம்

என் வீட்டுக்காரர் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறவர். வாரத்துக்கு ஐந்து படம். தியேட்டருக்கெல்லாம் போக மாட்டார். முன்கூட்டியே அனுப்பிவைக்கும் படத்தைச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, இரட்டை வேகத்தில் பார்ப்பார். காதலர்கள் கோழி கொத்துவது போல முத்தமிட்டுக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புது இயக்குநரின் படத்தைக் கிழிகிழியென்று கிழித்தார். "கதாபாத்திரங்கள் மூச்சு விடாமல் பேசுகிறார்கள். சாவு வீட்டில்கூட ஓட்டமும் நடையுமாகத் திரிகிறார்கள்" என்று எழுதினார்.

"நீங்க ஓட்டிப் பார்த்தா அவங்க ஓடத்தானே செய்வாங்க?" என்றேன்.

"உனக்கு சினிமா மொழி புரியாது. போய் வேலையப் பாரு."

அந்த அப்பாவி இயக்குநர் விமர்சனத்தைப் படித்துத் திருந்திவிட்டார். அடுத்த படத்தில் கதாநாயகன் ஒரு கதவைத் திறக்கவே நாலு நிமிஷம் எடுத்துக்கொள்கிறான். இவர் அதையும் இரட்டை வேகத்தில் பார்த்துவிட்டு, "கச்சிதமான வேகம்" என்று நாலு நட்சத்திரம் கொடுத்தார்.

நெகிழ்ந்துபோன இயக்குநர் எங்களைத் தியேட்டருக்கு அழைத்து, இவரைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

அந்தக் கதவு பாதி திறப்பதற்குள் இவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.