செப்புக் குடத்தில் பிடித்த மழை

மழையோடு விட்டால் புகை கரைந்து காணாமல் போய்விடும் என்று நம்பிய புத்திசாலிகளில் ஸ்டீபன்ராஜும் ஒருத்தன். கொடைரோட்டுப் பக்கம் ஒரு ஆசிட் கம்பெனியில் வேலை. கந்தகப் புகையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவித்தான் வெளியே அனுப்ப வேண்டும். மழை வந்துவிட்டால் மேனேஜர் அந்தத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரை நிறுத்தச் சொல்வார். யார் பார்க்கப் போகிறார்கள்? ஸ்டீபன்ராஜ் சுவிட்சை அணைத்துவிடுவான்.

தொண்ணூற்றெட்டு சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்தவன் மல்லிகைத் தோட்டத்தருகே சைக்கிளை நிறுத்தினான். இலையெல்லாம் புள்ளி புள்ளியாகக் கருகியிருந்தது.

"மழை பேஞ்சா செடி தழையணும். இம்புட்டும் தீஞ்சு கெடக்கேப்பு!" என்று தோட்டக்காரர் சடையாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்டீபன்ராஜ் சைக்கிளில் தாவி ஏறினான். அவன் அம்மா இன்னாசியம்மாள் முதல் மழையை முற்றத்தில் செப்புக் குடத்தில் பிடித்து, மூடிவைத்து, விடிந்ததும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வெறும் வயிற்றில் கொடுப்பாள். உடம்புக்குக் குளிர்ச்சியாம். அவன் மனைவி ஜோஸ்பினுக்கு இது மூன்றாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் தவம் கிடந்து வந்த பிள்ளை. மோரைக்கூட யாரும் செம்புப் பாத்திரத்தில் ஊற்றிவைக்க மாட்டார்கள், களிம்பேறி விஷமாகிவிடும். ராத்திரி முழுக்க ஆசிட் மழை கிடந்தால்? மூச்சு முட்ட வீட்டுக்கு மிதித்தான்.

ஜோஸ்பின் முற்றத்தில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு.

"மசக்கைடா. இன்னொரு டம்ளர் குடிச்சா சரியாப் போகும்."

டம்ளரைப் பிடுங்கி வீசினான். குடத்துக்குள் எட்டிப் பார்த்தான். உள்பக்கம் பச்சை பூத்திருந்தது.

"ஏலே, மழைத்தண்ணி என்னடா செஞ்சுரும்?"

"எங்க கம்பெனிப் புகை அதுல ஆசிட்டா எறங்கியிருக்கும்மா. நான்தான் மோட்டார நிறுத்துனேன்."

ஜோஸ்பின் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"அடுத்த வீட்டு டெய்சிக்கும் அத்தை ஒரு சொம்பு குடுத்தாக. அவளுக்கு ஏழு மாசம். ஓடுங்க."

ஓடினான். டெய்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தண்ணியக் குடிக்காதம்மா!"

அவள் சிரித்துக்கொண்டே சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். "பெரியம்மா ஆசையாக் குடுத்ததாச்சே. புளிச்சுது, ஆனாலும் ஒரு சொட்டு மிச்சம் வைக்கலண்ணே."