முந்தாநாள் நடந்தது

கட்டைவிரலில் ஒட்டியிருந்த பசை போகவில்லை. அவன் பஞ்சை எண்ணெயில் நனைத்து மறுபடி தேய்த்தான். பார்சல் டேப்பின் பசை. நகத்தின் ஓரம் பழுப்பாகக் கோடு கட்டியிருந்தது. கல்யாணமான மூன்று வருடத்தில் அந்தக் கோடு இல்லாமல் மனைவியின் அந்த விரலை அவன் பார்த்ததில்லை.

"விடுங்க மாப்பிள்ளை," என்றாள் அத்தை. "அது போகாது."

"கொஞ்சம் போயிருக்கு அத்தை."

"தோலு உரிஞ்சிடும்."

அவன் நிறுத்தினான். கையைப் போர்வைக்குள் வைத்து மூடினான். எண்ணெய்க் கிண்ணத்தை ஜன்னல் மேடையில் வைத்தான். அத்தை தன் மகளின் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அமரர் வண்டி பதினொரு மணிக்கு வரும். மணி ஒன்பதே கால்.

நேற்றுக் காலை ஷூ மாட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். வயது இருபத்தொன்பது. டாக்டர் அதை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். எப்படி, எத்தனை மணிக்கு, முன்னாடியே தலைவலி ஏதாவது இருந்ததா. அவன் பதில் சொன்னான். சொல்லிச் சொல்லி வாக்கியங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. அவனுக்குள் இருந்த கேள்வி வேறு. முந்தாநாள் மாலை அவள் என்ன சொல்ல வந்தாள்?

பார்சல் கிடங்கில் பெட்டிகளைக் கட்டி லேபிள் ஒட்டுவது அவள் வேலை. அங்கே நடந்த நல்லது ஏதாவது ஒன்றைத் தினமும் பிடித்துக்கொண்டு வருவாள். வாசலிலேயே ஆரம்பிப்பாள். "இன்னைக்கு என்ன தெரியுமா?" கடைசிப் பெட்டியோடு டேப் சுருள் சரியாகத் தீர்ந்தது. தராசு இரண்டு கிலோ காட்டியது, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ அனுப்பிய பெட்டிக்குள் அலாரம் அடித்தது, கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

முதல் வருடம் அவன் கேட்டான். இரண்டாம் வருடம் தலையாட்டினான். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவன் வேலை. வீட்டிலும் லேப்டாப் திறந்தே கிடக்கும்.

முந்தாநாள் மாலை தோளில் பையோடு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. படிகளில் ஓடி வந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு என்ன தெரியுமா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். டேப் சரியாத் தீர்ந்துச்சு. பெட்டி சரியா மூடுச்சு. ஊரே சந்தோஷத்துல மிதக்குது. போதுமா?"

அவள் சிரித்தாள். அல்லது சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். அவன் பார்க்கவில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

சாப்பிடும்போது கேட்கலாம் என்று நினைத்தான். சாப்பிடும்போது ஆபீஸிலிருந்து போன் வந்தது.

ஒன்பதரைக்குக் கிடங்கு ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். நீலச் சட்டையை மாற்றாமல் ஷிப்டின் நடுவில் வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் தராசக்கா. எடை போடுகிறவள். மனைவி சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும், முகத்தை இப்போதுதான் பார்க்கிறான். பின்னால் வேன் ஓட்டுகிற பெரியவர், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். தராசக்காவின் கையில் டேப் ஒட்டிய ஒரு பெட்டி.

"லாக்கர்ல இருந்தது தம்பி. அவ சாமான்."

வாங்கி அலமாரி மேல் வைத்தான். மூவரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அத்தையும் எழுந்து வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, முந்தாநேத்து அங்க என்ன நடந்துச்சு?"

தராசக்கா நிமிர்ந்தாள். "சத்தியமா ஒண்ணும் நடக்கல தம்பி. பாரம் எதையும் அவளத் தூக்க விடல. தலையில எதுவும் இடிக்கல. வேணும்னா மேனேஜரக் கேளுங்க."

"ஐயோ, அது இல்லக்கா. நல்லதா ஏதாவது நடந்துச்சா?"

வேன்காரர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது.

"டீ போலீஸ்னு பேர் வெச்சிருந்தோம் சார் அந்தப் புள்ளைக்கு. நாலு மணிக்கு ஃபிளாஸ்க்க மடியில வெச்சுக்கும். இன்னைக்கு வேலையில என்ன நல்லா இருந்துச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லலன்னா டீ கிடையாது. நான் ஒரு நாள், 'இன்னைக்கு எந்த நாயும் தொரத்தல'ன்னேன். 'அது நடக்காதது. நடந்ததச் சொல்லுங்கண்ணே'ன்னுச்சு. அரை மணி நேரம் யோசிச்சேன். டீ ஆறிப்போச்சு."

அத்தை சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"முந்தாநேத்து அவ என்ன சொன்னா?" என்றான் அவன்.

"அவளா? சொல்லவே இல்ல," என்றாள் தராசக்கா. "எங்க வாயெல்லாம் பிடுங்கிட்டு, அவ முறை வந்ததும் மாட்டேன்னுட்டா. இன்னைக்குக் கெடச்சது சூப்பரு, இதுக்கு எங்க வீட்டுக்காரரே சிரிச்சிருவாரு, மொதல்ல அவர்கிட்ட சொல்லிட்டு நாளைக்கு உங்களுக்குன்னா. எத்தன கெஞ்சினோம். சொல்லாமலே டீயக் குடிச்சிட்டா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்லியிருப்பாளே. என்ன தம்பி அது?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அத்தையும் திரும்பினாள்.

உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"தராசு," என்றான். "ஏதோ ஒரு பெட்டிக்குச் சரியா ரெண்டு கிலோ காட்டுச்சாம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"முந்தாநேத்தா?" என்றாள் புதிய பெண். "அன்னைக்குத் தராசு ரிப்பேர்லதானக்கா இருந்துச்சு? பூரா நாளும் நம்ம..."

தராசக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெண் நிறுத்திக்கொண்டாள். தராசக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"சாயங்காலம் சரியாயிருச்சு," என்றாள். "ஆமா தம்பி. காட்டுச்சு. நான்தான் எடை போட்டேன்."

அவன் தலையாட்டினான்.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. தகன நிலையத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டான். உறவு என்ற இடத்தில் கணவர் என்று எழுதினான். எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி நாலாகியிருந்தது.

வீட்டில் அவனும் அத்தையும் மட்டும். அத்தை அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவ ஒன்றும் இல்லை, கழுவியதையே கழுவினாள். ஆணியில் பை தொங்கியது.

அவன் பெட்டியை இறக்கி, உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் தரையில் வைத்தான். மேலே லேபிள் ஒட்டியிருந்தது. பெறுநர் பெயரோ விலாசமோ இல்லை. எடை மட்டும் அச்சாகியிருந்தது. ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம். பழக்க தோஷத்தில் எடை போட்டிருப்பாள் தராசக்கா.

டேப்பை வெட்டுவதற்கு முன் லேபிளின் மூலையை நகத்தால் கிளப்பினான். ஏன் என்று தெரியவில்லை. இந்த லேபிள்கள் லேசில் உரிந்து வராது, பாதியில் கிழிந்துவிடும் என்று அவள் ஒரு நாள் சொல்லியிருந்தாள். மெதுவாக இழுத்தான். கிழியவில்லை. இன்னும் மெதுவாக இழுத்தான். அட்டையின் ஒரு நார்கூட ஒட்டாமல் முழுதாக வந்துவிட்டது.

அதை விரலில் ஏந்தி அடுக்களைப் பக்கம் திரும்பினான்.

"இன்னைக்கு..." என்றான்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தை ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை."

அவள் நின்றாள். அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். குழாய் மறுபடி திறந்துகொண்டது.

லேபிளை எங்கே ஒட்டுவது என்று தெரியவில்லை. பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து அதைப் பெட்டி மேல் வைத்தபோது கட்டைவிரலில் பசை பிசுபிசுத்தது. ஜன்னல் மேடையில் எண்ணெய்க் கிண்ணம் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது, கை எட்டும் தூரத்தில். அவன் கையை நீட்டவில்லை.