சர்டிபிகேட்டில் பிறந்தவன்

வயதுச் சரிபார்ப்புச் சட்டம் அமலுக்கு வந்த வாரத்தில், தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒற்றை அறையில் தங்கியிருந்த ஃபிரெடி இரண்டு பேரானான். போனோ டிவியோ, இணையத்தோடு சேர்ந்த எதுவானாலும் முகத்தையும் பிறந்த தேதியையும் பார்த்து, பதினெட்டு முடிந்தவர்களுக்குத்தான் திறக்கும் என்பது சட்டம். நாசரேத்தில் ஃபிரெடியைப் பள்ளியில் சேர்த்தபோது, பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, காலமான அவன் அப்பா தயாளன் இரண்டு வயது கூட்டிச் சொல்லியிருந்தார். ஆகவே சர்டிபிகேட்டில் பத்தொன்பது, முகத்தில் பதினேழு. போன் இந்த இரண்டு வயதில் எதையும் பொய் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை பத்தொன்பது வயது ஃபிரெடி தோள்பையோடு மாடியேறி வந்தான்.

வீட்டுக்காரர் முனிரத்தினம், “இன்னா தம்பி, அண்ணன் வரார்னு சொல்லவே இல்ல?” என்று கேட்டுவிட்டு, தண்ணீர் மோட்டார் போடும் முறைப் பட்டியலில் இன்னொரு பெயரைச் சேர்த்துக்கொண்டார். குரோம்பேட்டையில் ரிட்டையரான வாத்தியார் ஒருவர் இப்படி வந்த தன் இன்னொரு ஆளோடே பேப்பருக்குச் சண்டை போடுவதாகக் கேள்வி. பாதி ஊருக்கு ஸ்கூல் தேதி வேறு, பிறந்த தேதி வேறு என்பதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஃபிரெடிக்கு மட்டும்தான் பேஜார். அம்மா டெபோராவுக்குக் காது கேட்காது. ஏசி மாட்டும் வேலை முடிந்து வந்ததும் அவன் போனில் பேசுவான், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும். இப்போது போன் பெரியவனின் முகத்துக்குத்தான் திறந்தது. முகம் விலகினால் பூட்டிக்கொள்ளும் என்பதால், பெரியவன் பக்கத்திலேயே இருந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். “அதெல்லாம் ஏம்ல சொல்லுத? அம்மா பயப்படும்” என்பான். மழைக்காலம் முடியும்வரை அம்மாவுக்கு “நல்லா இருக்கேன்” மட்டுமே போய்ச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஃபிரெடி சொன்னான்: “மூஞ்சிய மட்டும் காட்டு. காதப் பொத்திக்க.”

பெரியவன் இரண்டு விரலையும் காதில் விட்டுக்கொண்டு போனை முறைத்துப் பார்த்தான்.

“அம்மா, மூணாவது மாடியில வெளிப்பக்கம் நின்னா கால் நடுங்குதும்மா. இங்க இருக்க முடியல. வீட்டுக்கு வந்துரட்டா?”

அடுத்து, அறையில் இன்னொருவன் இருப்பதையும் சொல்லி அனுப்பினான். பெரியவன் விரலை எடுக்கவில்லை, ஆனால் திரையில் ஓடிய எழுத்தைப் படித்த அவன் கண் சிவந்திருந்தது.

அம்மாவின் பதில் உடனே வந்தது: “வா. பெரியவனையும் கூட்டிட்டு வா. உங்க அப்பா சொன்ன பொய்க்கு அவன் என்ன செய்வான்?”

நாசரேத்தில் டெபோரா இரண்டு தட்டு வைத்தாள். சின்னவனுக்குக் கேட்காமலே மீன் குழம்பை ஊற்றினாள். பெரியவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால், அவனிடம் மட்டும் கேட்டாள்.