கவனத்திற்கு

நாற்காலியின் நான்காவது காலுக்கும் காலுறை மாட்டிவிட்டு அவள் நிமிர்ந்தாள். மகளின் பழைய பள்ளிக் காலுறைகள். இரண்டு வெள்ளை, இரண்டு நீலம். நாற்காலியை இழுத்துப் பார்த்தாள். அது மூச்சுவிடவில்லை. இனி வீட்டில் வாயைத் திறக்கக்கூடிய பொருள் எதுவும் பாக்கியில்லை என்று அவளுக்கு ஒரு திருப்தி.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்வது அவள் வேலை. பதினாறு நடைமேடைக்கும் ஒரே குரல். ஒருமுறை ஒலிபெருக்கி பழுதாகிவிட, ஜன்னலைத் திறந்துவைத்துச் சொன்னாள். கிளம்பி இரண்டு தெரு தாண்டிவிட்ட வண்டிகூட, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பி வந்தது. அப்பேர்ப்பட்ட தொண்டையை வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைக்க ஆரம்பித்து ஐந்து மாதம். கணவர் போர்முனையிலிருந்து திரும்பிய முதல் வாரத்தில் அவள் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தது. மறுநொடி அவர் மகளை அணைத்தபடி மேசைக்கடியில் கிடந்தார். அன்றைக்கு முடிவெடுத்தாள், இந்த வீட்டில் இனி ஒரு சத்தம் கேட்கக் கூடாது.

கேட்கவில்லை. கீல்களுக்கு எண்ணெய் விட்டாள். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினாள். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றியதிலிருந்து அந்த வீட்டில் எப்போதும் மணி பத்து இருபது. பல்லிகள் இரண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. ஒன்று மட்டும் ஊமையாக வாழப் பழகிக்கொண்டு தங்கியது. வீடு காலியாக இருக்கிறதா என்று வாடகைக்குக் கேட்டு இரண்டு குடும்பங்கள் வந்து போயின. மாமனார் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தார். செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்துச் செய்தியை அவரே கட்டிக்கொண்டதில், ஐந்து மாதத்தில் மூன்று அரசாங்கம் கவிழ்ந்தது, ஒரு யானை தேர்தலில் ஜெயித்தது. பிறந்ததிலிருந்து ‘பட்டாசு’ என்று கூப்பிடப்பட்ட மகளுக்குக்கூட ‘பஞ்சு’ என்று பெயர் மாற்றியாகிவிட்டது.

இத்தனைக்கும் பலன் என்னவென்றால், கணவர் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி, பகலும் இரவும் விழித்தே இருந்தார். போன வாரம் சொன்னார், “முன்னாள் வீரர் விடுதியில ஒரு படுக்கை கேட்டிருக்கேன். கொஞ்ச நாள் அங்க இருக்கேன்.” கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் குரல் உயர்ந்துவிடும். இன்று நான்கு மணிக்கு விடுதி வண்டி வருகிறது. பை கட்டியாகிவிட்டது. அதற்கு முன்னால், பதினோரு மணிக்கு, முன்னாள் வீரர் நல மையத்தின் ஆலோசகர் அம்மா குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். தான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறோம் என்று தெரிந்தால், ‘இதைவிட நல்ல இடம் ஏது’ என்று அந்தம்மாவே அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பது அவள் நம்பிக்கை.

மையத்தில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். காலுறை வரைக்கும்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, காதுல விழல” என்றார் ஆலோசகர்.

“எங்க வீட்ல அளவே இதுதாங்க.”

ஆலோசகர் கணவரிடம் திரும்பினார். “வீட்ல என்ன கஷ்டம் உங்களுக்கு?”

“ஒரு சத்தமும் இல்லீங்க” என்றார். “அங்க குண்டு விழறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும். பறவைகூடக் கத்தாது. அமைதியாயிடுச்சுன்னா அடுத்தது நமக்குத்தான்னு அர்த்தம். அஞ்சு மாசமா… இப்ப விழும், இப்ப விழும்னு உக்காந்திருக்கேன்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ அவ்வளவு ஆசையா சாக்ஸ் மாட்டிக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?”

“அப்ப நான் பாத்த ஊமைப்படமெல்லாம் தண்டமா?” என்றார் மாமனார்.

அவர் சிரித்தார். கணவர். ஒரு செருமல் அளவுக்குத்தான். ஆனால் சிரிப்புதான் அது, அவள் கண்ணால் பார்த்தாள்.

“ஆனா வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் போட்டு உடைச்சிடாதீங்க” என்றார் ஆலோசகர். “திடீர்னு வந்தா இன்னைக்கும் மேசைக்கடியிலதான் போவார். என்ன சத்தம், எப்ப வருதுன்னு முன்னாடியே தெரியணும். சின்னதா ஆரம்பிங்க. அவர் கை தூக்கினா நிறுத்திடுங்க. விடுதிக்குப் போறதா வேண்டாமாங்கறதை அவரே சொல்லட்டும். எங்க இருந்தாலும் வாரா வாரம் இங்க வரணும்.”

முன்னாடியே தெரியணும். அதைச் சொல்வதற்குத்தானே அவளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள்! வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

ஒன்றரை மணிக்குச் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள். “வீட்டிலுள்ளோரின் கவனத்திற்கு! சமையலறையிலிருந்து புறப்படும் குக்கர் விசில், இன்னும் சில விநாடிகளில் கூடத்தை வந்தடையும்!”

ஊமைப் பல்லி திடுக்கிட்டுச் சுவரிலிருந்து விழுந்தது. அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். விசில் வந்தது. தோள் காதுவரை ஏறி, மெல்ல இறங்கியது.

“இன்னொண்ணு” என்றார்.

அப்புறம் மிக்ஸி, அது கிளம்பும் நேரம், நிற்கும் நேரம் இரண்டும் சொல்லி. அப்புறம் தொலைக்காட்சி, ஒரு அரசாங்கம்கூடக் கவிழவில்லை என்று தெரிந்து மாமனார் மனசொடிந்து போனார். மகள் தன் வருகையைத் தானே அறிவித்துவிட்டு மொட்டைமாடிப் படியில் தடதடவென்று இறங்கினாள். மூன்றாவது தடவை அவர் கை தூக்கினார். எல்லாம் அப்படியே நின்றது. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், தண்ணீர் கேட்டார், குடித்தார். “ம், வா” என்றார். ஐந்து மாதம் அடக்கிவைத்த பேச்சையெல்லாம் மகள் ஒரே மூச்சில் கொட்ட, அதற்கு அறிவிப்பு கொடுக்க யாராலும் முடியவில்லை.

கதவுக்குப் பின்னால் ஒரு பலகை சாய்ந்து கிடந்தது. மகளின் புத்தகங்களுக்காக வாங்கியது. ஆணி அடிக்கப் பயந்து அப்படியே விட்டது. அவரே அதை எடுத்து நிறுத்தினார்.

“அது வேண்டாங்க. அந்தச் சத்தம் அப்படியே…”

“தெரியும், எது மாதிரி இருக்கும்னு” என்றார். “நானே அடிக்கிறேன். நீ சொல்லு.”

அவள் சொன்னாள். முதல் அடியில் அவர் முகம் வெளுத்தது. இரண்டாவதில் நெற்றி வியர்த்தது. மூன்று, நான்கு, ஐந்து. ஒரு ஆணி உள்ளே போனது. மாமனார் பலகையைத் தாங்கிப் பிடித்தபடி, “இடதுபக்கம் ஏத்துடா, தண்ணி ஊத்தினா ஓடும்” என்றார். இரண்டாவது ஆணியும் போனது.

அப்போதுதான் தெருவில் வண்டி வந்து நின்று, யாரிடமும் சொல்லாமல், நீளமாக ஹாரன் அடித்தது.

சுத்தியல் விழுந்தது. அவர் சுவரோரம் குந்தி, தலைக்கு மேல் இரு கையையும் வைத்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய்ப் பக்கத்தில் அதே மாதிரி குந்திக்கொண்டாள். “வண்டி ஹாரன்ப்பா” என்றாள். “நான் வெள்ளை வண்டின்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை அடிப்பான் பாரு.” அடித்தான். அவர் முதுகு சிலிர்த்தது. ஆனால் கைகள் மெதுவாக இறங்கின.

“அறிவிப்பில்லாம வந்துட்டான்” என்றார். எழுந்தார். சுத்தியலைத் தேடி எடுத்தார். மூன்றாவது ஆணியை உதட்டில் கடித்துக்கொண்டு, சுவரில் இடம் பார்த்தார்.

அவள் ஜன்னல் கதவை விரியத் திறந்தாள். கீழே ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, கையை விரித்து, வர்றாரா இல்லையா என்று கேட்டான்.

“என்னங்க” என்றாள், திரும்பி. “நான் என்ன சொல்லட்டும்?”

வாயில் ஆணி. அவரால் பேச முடியவில்லை. பொறு, இன்னும் ஒரு ஆணி என்பதுபோல் ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அவள் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் சுத்தியல் உயர்ந்தது.