இருபத்தேழாவது விடைத்தாள்

"அடுத்தது படி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

மகள் பதினெட்டாவது விடைத்தாளை எடுத்தாள். மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: 'கிணற்று மூடி' என்ற தலைப்பு அந்த நாவலின் நாயகியை எவ்வாறு குறிக்கிறது? பத்து மதிப்பெண். திங்கட்கிழமை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். அம்மா திங்கட்கிழமைவரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார்.

காலையில் வாய்க்குள்ளேயே படித்துத் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சத்தமா படி. சும்மா படுத்திருக்கேன், காதுல ஏதாவது விழட்டும்." கதை என்ன என்று கேட்டாள். மகள் நாலு வரியில் சொன்னாள். கணவன் விட்டுப்போன ஒருத்தி. அவன் போன வாரமே கொல்லைக் கிணற்றுக்கு இரும்பு மூடி போடுகிறாள். யார் முன்னாலும் அழுவதில்லை. பிள்ளைகளைத் தொட்டுக் கொஞ்சுவதில்லை. கடைசியில் மகள் பெட்டியோடு படியிறங்கும்போதும் உள்ளேயே இருக்கிறாள்.

"நல்ல பொம்பள" என்றாள் அம்மா.

அம்மா முப்பது வருஷம் எடைமேடையில் வேலை பார்த்தவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரி ஏறியதும் முள்ளைப் பார்த்துச் சீட்டு எழுதி நீட்டுவாள். ஒரு கிலோ கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். டிரைவர்கள் வைத்த பெயர் கல்லு. அப்பா வீட்டைவிட்டுப் போன மறுநாளும் எட்டு மணிக்குக் கூண்டில் இருந்தாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அன்று ராத்திரி அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்தாள். அம்மா எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று மகள் முப்பத்தைந்து வருஷமாகக் கேட்கவில்லை.

"'மூடி இரும்பால் ஆனது. நாயகியின் மனமும் இரும்பால் ஆனது. எனவே தலைப்பு மிகப் பொருத்தமானது.'"

"எவ்வளவு போடப்போற?"

"மூணு."

"ரெண்டு போடு. இரும்பு துருப்பிடிக்கும்னுகூடத் தெரியாத பய."

அடுத்தவன், மூடி வெயிலில் சுட்டாலும் உள்ளே குளிர்ந்த நீர் இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

"நோட்ஸைப் பாத்து மனப்பாடம் பண்ணினதும்மா. இதோட ஏழு பேர்."

"ஏழு பேர் வாயிலயும் ஒரே தண்ணியா?"

இருபத்து நாலாவதில் அம்மா தண்ணீர் கேட்டாள். டம்ளரைத் தானே பிடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. மகள் துண்டை எடுத்தாள்.

"விடு. தானா காயும்."

இருபத்தேழாவது கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. "'நாயகி திமிர் பிடித்தவள். பெற்ற பிள்ளைகள்மீதே பாசம் இல்லாதவள். மூடி என்பது அவள் திமிர்தான்.'"

அம்மா மார்க் கேட்கவில்லை.

மகள் பேனாவை மூடினாள், திறந்தாள். தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தம்மா ஏம்மா பிள்ளைங்களக் கிட்டயே சேக்கல?"

அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"கெணத்துக்கு எதுக்குடி மூடி போடுறது? கெணத்துக்காகவா? வீட்ல சின்னப் பிள்ளைங்க. எட்டிப் பாத்தா விழுந்துடும்."

மகள் நிமிரவில்லை.

"அத எழுதினானா ஒருத்தனாவது?"

"இன்னும் இல்லம்மா."

"இவனுக்கு அஞ்சு போடு. தப்பா எழுதினாலும் சொந்தமா எழுதியிருக்கான்."

அஞ்சு போட்டாள். இருபத்தெட்டைப் படித்தாள். இருபத்தொன்பதைப் படித்தாள். முப்பதில் மறுபடி இரும்பு வந்தது. அம்மாவின் கிண்டலுக்காக நிறுத்தினாள். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"எத்தனை மணிக்கும்மா?"

"இருபத்தேழுக்கு அப்புறம்."

"என்னது?"

ஒரு தாளுக்கு அஞ்சு நிமிஷம் என்று அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மூன்று தாள். "மூணே முக்காலுக்கு மேல. நாலுக்குள்ள."

"ஏதாவது ஒரு நேரம் எழுதியாகணும்."

"மூணு அம்பது."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்தான்" என்றாள். "படிச்சிட்டிருந்தேன்."

தம்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவள் ஃபோனில் சொன்னாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களாக்கா?"

அவள் சன்னலுக்கு வந்தாள்.

"ஒண்ணும் சொல்லலடா."

"அதானே. என்னிக்கு வாயத் தொறந்தாங்க, இன்னிக்குத் தொறக்க." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"பாத்து வா" என்றாள். ஆனால் ஃபோனை வைக்கவில்லை. அவன் அழுது முடிக்கட்டும் என்று காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வண்டியின் முதுகைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டே சுவர்வரை பின்வாங்கினாள்.