எதிர்ல உட்காருங்க

"கிடாரை எல்லாரும் பிடிக்கிற மாதிரி பிடிங்க மேடம். இல்லேன்னா அடுத்த மாசம் உங்க வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று இசைப்பள்ளியின் புது மேனேஜர் சொன்னபோது, டீச்சர் அறுந்த கம்பியை மாற்றிக்கொண்டிருந்தாள். "சேர வர்றவங்க, டீச்சருக்கே பிடிக்கத் தெரியலைன்னு திரும்பிப் போறாங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஊரே இடக்கையால் அழுத்தி வலக்கையால் மீட்டும். அவள் மட்டும் நேர்மாறு. இத்தனைக்கும் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலக்கைதான். சின்ன வயதில் வீட்டிலிருந்த கிடார் அண்ணனுடையது, தொட்டால் வீடு ரெண்டாகும். அவன் வாசிக்கும்போது எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அவன் கை போகிற பக்கமே தன் வெறுங்கையையும் கொண்டுபோவாள். வருஷக்கணக்கில் இதே வேலை. வேலை கிடைத்து அவன் கிடாரை விட்டுவிட்டுப் போன அன்று ஆசையாக மடியில் எடுத்து வைத்தால், கைகள் மாறித்தான் போயின. சரி போ என்று கம்பிகளையே வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டாள். பிறகு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தபோது, பக்கத்தில் நிற்பவரின் விலாவில் அவள் கிடார் இடிக்காத மேடையே கிடையாது.

பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பிறகு அந்தக் கோணல்தான் கைகொடுத்தது. முட்டிக்கு முட்டி எதிரே உட்காருவாள். பாடம் எழுதிய தாளும் கிடையாது, விளக்கமும் கிடையாது. "என்னைப் பாருங்க, அப்படியே பண்ணுங்க." கண்ணாடி பார்த்துத் தலை வாருவது போல எதிரே இருப்பவரின் கை தானாக ஊரார் பிடிக்கிற பிடிக்கே வரும். வேறு இடங்களில் மண்டை காய்ந்து வந்தவர்கள்கூட இங்கே சிரித்துக்கொண்டே வாசித்தார்கள்.

இருந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அன்று மத்தியானம் பள்ளியின் கிடாரை எடுத்து, மற்றவர்களைப் போலப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் யாருடையவோ போல விழித்தன. அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. எனக்கே ஒட்டாத பிடியை வைத்துக்கொண்டு யாருக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? முடியாது என்றால் முடியாதுதான்.

அந்தக் கிடாரையும் தன்னுடையதையும் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனாள்.

"இந்தாங்க சார், பள்ளிக் கிடார், பிடிங்க."

"எனக்கெதுக்குங்க? பாட்டுன்னா எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"அதான் வேணும். என் எதிர்ல உட்காருங்க. கேள்வி எதுவும் கேக்காதீங்க, என் கையை மட்டும் பாருங்க. அப்புறம் யாருக்கு வேணா வகுப்பைக் கொடுங்க."

அவள் இரண்டு விரல்களை ஊன்றினாள். அவரும் ஊன்றினார். மீட்டியபோது அவர் கிடாரில் பலகையைத் தட்டியது போல ஒரு சத்தம். அவள் தன் விரல்களைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அவருடையவையும் நிமிர்ந்தன. மறுபடி மீட்டினார்கள். இந்த முறை மேனேஜரின் கிடாரிலிருந்து சுத்தமாக எழுந்த ஓசை அறையெல்லாம் பரவியது.

அது அடங்கிய பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. அவள் அடுத்த பிடிக்கு நகர்ந்தாள். அவருடைய சுண்டுவிரலும் மெல்லக் கிளம்பியது.